தழும்பு காட்டாத இறக்கை

விமானத்தின் அலுமினிய இறக்கைமேல் ஸ்பேனர் ஒன்று கைதவறி விழுந்தால், நசுங்கிய இடம் கண்ணுக்குத் தெரியும். அதே ஸ்பேனர் கார்பன் ஃபைபர் இறக்கைமேல் விழுந்தால், மேற்பரப்பு வளைந்து பழையபடி நிமிர்ந்துவிடலாம். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். வெளியே தடமே இருக்காது. போயிங் 787-இன் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழப் பாதி இப்படிப்பட்ட கலப்புப்பொருள் என்பதால், இது சின்ன விஷயமில்லை.

தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளைப் பிசினில் ஊறவைத்து, சுமார் 0.125 மி.மீ. தடிமனுள்ள தாள்களாக்கி, திசை மாற்றி மாற்றி அடுக்கிச் சூட்டில் இறுக்குவார்கள். இழை ஓடும் திசையில் அபார வலு. ஆனால் தாளுக்கும் தாளுக்கும் நடுவே பிடித்திருப்பது வெறும் பிசின்தான். அடி விழுந்தால் அங்கேதான் விட்டுக்கொடுக்கும். அடிபட்ட முகத்தில் சிறிதாக இருக்கும் பிரிவு, ஆழத்தில் குடைபோல் விரியும். அப்புறம் இறக்கை அமுக்கப்படும்போது, பிரிந்த தாள்கள் சேர்ந்து தாங்காமல் தனித்தனியாக நெளியும். எனக்குப் பயம் தருவது இதுதான்.

பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோல நாணயத்தால் தட்டிக் கேட்கும் சோதனை இன்றும் உண்டு. ஆனால் முழு இறக்கையையும் தினமும் தட்ட முடியுமா? அதனால், அழுத்தினால் மின்சாரம் தரும் பீசோ வில்லைகளை இறக்கையிலேயே ஒட்டிவைக்கிறார்கள். இந்தக் குணத்தை கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தார்கள். சமையலறை கேஸ் லைட்டரில் பொறி பறப்பதும் இதனால்தான். மின்சாரம் கொடுத்தால் வில்லை அதிரும். ஒன்று அதிர, மற்றவை கேட்கும்.

தகட்டில் ஓடும் இந்த அலைக்கு லாம்ப் அலை என்று பெயர். நொடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில், 1 லட்சம் ஹெர்ட்ஸில் ஓடினால் அலைநீளம் 15 மி.மீ. அதைவிடப் பெரிய, சில சென்டிமீட்டர் பிளவு அதற்குத் தப்பாது. இறக்கை முழுவதும் ஆடும் மெதுவான அதிர்வில் அதே பிளவு ஏறக்குறைய எந்த மாற்றமும் காட்டாது. பிளவில் அலையின் ஒரு பகுதி சிதறும், மீதி தாமதமாக வந்து சேரும். நல்ல நிலையில் எடுத்த பதிவோடு ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் தெரியும்.

சரி, எந்த வித்தியாசம் எந்தப் பிளவைச் சொல்கிறது? அதைக் கண்டுபிடிக்கத்தான் இறக்கையின் மாதிரியைக் கணினியில் உருவாக்குகிறார்கள். ஒவ்வொரு தாளையும் தனியாக வரைந்து, நடுவே குறிப்பிட்ட விசையில் பிரியும் பிசின் அடுக்கை வைத்து, பிளவின் இடத்தையும் அளவையும் மாற்றி மாற்றி அலையை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

வெயில் ஏறினாலே அலையின் வேகம் மாறுவதால், பல வெப்பநிலைகளில் எடுத்த பதிவுகளும் கையில் வேண்டும். வில்லையே பசைவிட்டுக் கழன்றாலும் சிக்னல் சேதம்போலவே தெரியும். அதனால் முதலில் வில்லையின் மின்தேக்குத்திறனை (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறனை) அளந்து, அது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே இறக்கையைச் சோதிக்கிறார்கள்.