ஷேக்குகள் ஏமாளிகள் அல்ல: வளைகுடா எண்ணெய் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும் முன்

“பாலைவனத்து ஷேக்குகளுக்குத் தங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. வெள்ளைக்காரன் ஒரு பை நாணயத்தைக் காட்டி எழுதி வாங்கிவிட்டான்.” இந்த இரண்டு வரிகள் இந்தப் பருவத்து அசைன்மென்ட்களிலும் வந்துவிட்டன. எல்லோரும் ஒரே யூடியூப் உரையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மாணவர்கள் செய்வதையாவது திருத்திவிடலாம். போன வாரம் ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவரே இதை மேடையில் சொன்னார், அரங்கம் சிரித்தது. வளைகுடாவின் பிரிட்டிஷ் கோப்புகளை வாசிப்பதையே ஆய்வுத் தொழிலாக வைத்திருக்கும் எனக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு பொருள் மலிவாகப் போயிருக்கிறது என்றால், விற்றவருக்கு விவரம் போதவில்லை என்று உடனே முடிவு கட்டக் கூடாது. வாங்க வந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை பேரை வாசலிலேயே தடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். வளைகுடாவில் எண்ணெய் உரிமை ஒப்பந்தங்கள் கையெழுத்தாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாங்குபவர்களைத் தடுத்து முடித்துவிட்டார்கள்.

1899 ஜனவரியில் குவைத் ஷேக் முபாரக் பிரிட்டனுடன் ஓர் உடன்பாடு செய்தார். பிரிட்டிஷ் அரசின் முன் அனுமதி இல்லாமல் தன் நிலத்தில் எந்தப் பகுதியையும் விற்பதோ, குத்தகைக்கு விடுவதோ, அடகு வைப்பதோ இல்லை என்பது அதன் சாரம். பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது 15,000 ரூபாய். ஆம், இந்திய ரூபாய். வளைகுடாவை மேய்த்த அதிகாரி பாரசீகக் கரையில் புஷேரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடென்ட். அவர் பதில் சொல்ல வேண்டியது இந்திய அரசாங்கத்துக்கு. இந்த நிர்வாகக் கோட்டை மறந்துவிட்டுக் கோப்புகளைத் திறந்தால் ஒன்றுமே விளங்காது.

1913 அக்டோபரில் அதே முபாரக்கிடமிருந்து இன்னொரு கடிதம் வாங்கப்பட்டது. ரெசிடென்ட் பெர்சி காக்ஸுக்கு எழுதியது. பர்கானில் கீல் கசியும் இடத்தைப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிக்குக் காட்டச் சம்மதம். அங்கே எண்ணெய் கிடைக்கும் என்று தோன்றினால், பிரிட்டிஷ் அரசு நியமிக்கும் ஆளைத் தவிர வேறு யாருக்கும் உரிமை தருவதில்லை. 1914ல் பஹ்ரைன் ஷேக் இதே போன்ற உறுதியைக் கொடுத்தார். 1916ல் கத்தார், 1922ல் இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்து ஷேக்குகள், 1923ல் மஸ்கட். ஒரு துளி எண்ணெய்கூட வெளியே வராத காலத்தில் கரை முழுவதும் பூட்டப்பட்டுவிட்டது.

அந்த 1913 கடிதத்தை மறுபடி பாருங்கள். காலடியில் ஏதோ இருக்கிறது என்று முபாரக்குக்குத் தெரிந்திருக்கிறது, அவருடைய ஆட்கள்தான் இடத்தைக் காட்டப் போகிறார்கள். அந்த இடத்தின் பெயர் பர்கான். 1938ல் குவைத்தின் மாபெரும் வயல் கண்டுபிடிக்கப்பட்டதும் அங்கேதான். இவரைப் பற்றியா ‘என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை’ என்று எழுதுகிறீர்கள்?

சரி, எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாதே என்று கேட்கலாம். அது கம்பெனிகளுக்கும் தெரியாது. 1924ல் கிழக்கு அரேபியாவைச் சுற்றிப் பார்த்த சுவிட்சர்லாந்து நிலவியலாளர் ஆர்னால்டு ஹைம் அங்கே நம்பிக்கை வைக்க ஒன்றும் இல்லை என்ற தொனியில்தான் அறிக்கை கொடுத்தார். ஆங்கிலோ-பெர்சியன் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியின் நிபுணர்களும் அரேபியக் கரையைப் பெரிதாக மதிக்கவில்லை. குவைத்தில் முதலில் பஹ்ராவில் தோண்டிய கிணறு பயன் தரவில்லை. படித்த நிலவியலாளர் தவறினால் அது அந்தக் கால அறிவியலின் எல்லை, ஷேக் தவறினால் அறியாமை. இந்த இரட்டை அளவுகோலைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இனி பேரத்துக்கு வருவோம். குவைத்தில் முபாரக்கின் பேரன் ஷேக் அகமது அல்-ஜாபிர் 1923லிருந்து 1934 வரை கையெழுத்துப் போடாமல் இழுத்தார். ஒரு பக்கம் ஆங்கிலோ-பெர்சியன். மறுபக்கம் எண்ணெய் உரிமை தேடி வந்த நியூசிலாந்துக்காரர் பிராங்க் ஹோம்ஸ், பின்னால் அவருக்குத் துணையாக அமெரிக்காவின் கல்ஃப் ஆயில். ஒருவர் சொன்ன தொகையை மற்றவரிடம் காட்டி உயர்த்திக்கொண்டே போனார். 1922ல் உகைர் மாநாட்டில் குவைத்துக்கும் இப்னு சவூதின் நிலத்துக்கும் இடையே காக்ஸ் எல்லை வரைந்தபோது குவைத் நிலத்தின் பெரும்பகுதியை இழந்த காயமும் அந்த இழுபறிக்குள் இருக்கிறது. கடைசியில் என்ன நடந்தது? 1933 டிசம்பரில் போட்டியிட்ட இரண்டு கம்பெனிகளும் ஆளுக்குப் பாதி என்று தங்களுக்குள் கைகோத்துக்கொண்டன. ஏலத்தில் ஒரே ஆள்தான் மிச்சம். அப்படியும் ஷேக் ஓராண்டு பேசினார். 1934 டிசம்பர் 23 அன்று 75 ஆண்டுக்குக் கையெழுத்து: உடனே 4,75,000 ரூபாய், வணிக அளவில் எண்ணெய் கிடைக்கும்வரை ஆண்டுக்கு 95,000 ரூபாய், டன்னுக்கு 3 ரூபாய் ராயல்டி.

இங்கே என் துறையைச் சேர்ந்த ஓர் எச்சரிக்கை. கோப்புகளில் பொலிட்டிகல் ஏஜென்ட், அதாவது ரெசிடென்ட்டின் கீழ் குவைத்தில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி, ஷேக் அகமதைப் பிடிவாதக்காரர், பேராசைக்காரர் என்ற விதத்தில் எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அப்படியே எடுத்து மேற்கோள் காட்டாதீர்கள். அவர் விலை பேசினார் என்பதற்குத்தான் அது சாட்சி. ஷேக் சொன்னது நமக்குப் பெரும்பாலும் ஏஜென்ட்டின் பேனா வழியாகத்தான் வருகிறது. கடிதத்தை விட அதன் ஓரத்தில் மேலதிகாரிகள் கிறுக்கிய குறிப்புகளை முதலில் படிப்பது என் வழக்கம். உண்மையான கவலை அங்கேதான் இருக்கும்.

அப்புறம் சவூதி. 1927 ஜித்தா உடன்படிக்கையில் இப்னு சவூதின் முழுச் சுதந்திரத்தைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. அந்த வாசல் பூட்டப்படவில்லை. 1933ல் இராக் பெட்ரோலியம் கம்பெனியும் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியான சோகாலும் நேருக்கு நேர் போட்டி போட்டன. உலகப் பொருளாதார மந்தத்தால் ஹஜ் வருமானம் சரிந்து கஜானா காலியாக இருந்த நேரம் அது. அந்த நெருக்கடியிலும் நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான் தங்கமாகக் கொடு என்றே நின்றார். மே 29 அன்று கையெழுத்து. ஆகஸ்டில் 35,000 பிரிட்டிஷ் தங்க சவரன் நாணயங்கள் ஜித்தாவில் ஒரு டச்சு வங்கியில் எண்ணிக் கொடுக்கப்பட்டன: 30,000 கடன், 5,000 முதல் ஆண்டு வாடகை. இராக் பெட்ரோலியம் கம்பெனி தர முன்வந்தது அதைவிட மிகக் குறைவு. ராயல்டி டன்னுக்கு 4 தங்க ஷில்லிங்.

குவைத்தின் 3 ரூபாயை இதோடு ஒப்பிடும்போதுதான் அநேகம் பேர் சறுக்குகிறார்கள். ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் என்ற கணக்கில் 3 ரூபாய் நாலரை ஷில்லிங். அப்படியானால் குவைத்துக்குத்தான் அதிகம் என்று எழுதிவிடுகிறார்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்தோடு கட்டியிருந்த முறையைக் கைவிட்டது, ஸ்டெர்லிங்கோடு (பிரிட்டிஷ் பவுண்டோடு) கட்டியிருந்த ரூபாயும் கூடவே இறங்கியது. 1934ல் 4 தங்க ஷில்லிங் வாங்க 6 காகித ஷில்லிங்குக்கு மேல் வேண்டும். எந்த நாணயம், தங்கமா காகிதமா என்று பார்க்காமல் எந்தத் தொகையையும் பகிராதீர்கள். இன்றைய மதிப்புக்கு மாற்றிப் போடும் வேலையும் வேண்டாம்.

கத்தாரில் கதை இன்னும் கடுமை. அங்கே ஷேக் அப்துல்லாவுக்கு உள்ளேயும் வெளியேயும் அச்சுறுத்தல். பிரிட்டிஷ் பாதுகாப்பு வேண்டும், மகன் வாரிசாக ஏற்கப்பட வேண்டும். இரண்டும் ஆங்கிலோ-பெர்சியனுக்கு உரிமை கொடுத்தால்தான் என்று ஆனது. 1935 மே மாதம் கையெழுத்திட்டார். இதை அறியாமை என்று சொல்பவர்கள் அந்த ஆண்டின் கடிதங்களில் பத்துப் பக்கமாவது புரட்டட்டும்.

இன்னொரு தவறையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டோமான் பேரரசின் அரபு நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கிட்டுக்கொண்ட 1916ன் சைக்ஸ்-பிகோ வரைபடம் எண்ணெய்க்காகவே வரையப்பட்டது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த வரைபடத்தில், எண்ணெய் எதிர்பார்க்கப்பட்ட வட இராக்கின் மோசூல் பிரான்சின் செல்வாக்குப் பகுதி. எண்ணெய்தான் ஒரே நோக்கம் என்றால் பிரிட்டன் அதை விட்டிருக்குமா? 1918 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ் அதைப் பிரெஞ்சுப் பிரதமர் கிளெமான்சோவிடம் கேட்டு வாங்கினார். எண்ணெயின் பங்கு பிரித்தது 1920 ஏப்ரலில், இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த மாநாட்டில். துருக்கிய பெட்ரோலியம் கம்பெனியில் (பின்னாளைய இராக் பெட்ரோலியம் கம்பெனி) ஜெர்மானியர்கள் வைத்திருந்த 25 விழுக்காடு பிரான்சுக்கு. இராக்கியர்கள் 20 விழுக்காடு வரை பங்கெடுக்கலாம் என்றும் அதில் இருந்தது. 1925 மார்ச் 14 அன்று பாக்தாதில் அந்தக் கம்பெனியோடு கையெழுத்தான 75 ஆண்டு ஒப்பந்தத்தில் அந்தப் பங்கு இல்லை. மோசூல் இராக்குக்கா துருக்கிக்கா என்று சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) அப்போது இன்னும் முடிவு சொல்லவில்லை. அந்த அச்சத்தை வைத்துத்தான் இராக் அமைச்சரவையை நெருக்கினார்கள். இரண்டு அமைச்சர்கள் எதிர்த்துப் பதவி விலகினார்கள். 1928ல் கம்பெனியின் பங்குதாரர்கள் பழைய ஒட்டோமான் நிலத்தைச் சிவப்புக் கோட்டால் வளைத்து, அதற்குள் தனித்தனியாகப் போட்டியிடுவதில்லை என்று எழுதிக்கொண்டார்கள். இராக்கியர்களுக்கு விவரம் தெரியாமல் இல்லை, வேறு யாரிடமும் போக வழி இல்லை.

ஏமாளிக் கதை வெறும் மேடை நகைச்சுவை என்று நினைத்தால் எண்ணெய்க் கம்பெனிக்கும் அபுதாபி ஷேக்குக்கும் இடையிலான வழக்கில் வந்த 1951ன் நடுவர் தீர்ப்பைப் படியுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானது அபுதாபியில், அதனால் அபுதாபிச் சட்டம்தான் முதலில் பொருந்த வேண்டும் என்பதை நடுவர் அஸ்க்வித் பிரபு ஒப்புக்கொள்கிறார். அடுத்த வரியிலேயே, இத்தனை நாகரிகமற்ற பிரதேசத்தில் நவீன வணிக ஆவணங்களுக்குப் பொருந்தும் சட்டம் இருப்பதாக நினைப்பதே கற்பனை என்று ஒதுக்கிவிட்டு, ஆங்கிலச் சட்டத்தில் வேரூன்றிய கொள்கைகளைக் கொண்டுவருகிறார். ‘இவர்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்பது அங்கே சட்ட வாதமாகவே வேலை செய்தது. ஆனால் அந்த வழக்கில் கண்டத்திட்டுக் கடற்படுகை (கரையை ஒட்டிய கடல் எல்லைக்கு அப்பால் உள்ள ஆழம் குறைந்த கடலடி நிலம்) ஒப்பந்தத்தில் அடங்காது என்று வாதிட்டு வென்றது ஷேக் ஷக்பூத்தின் தரப்பு.

மாணவர்களே, பேச்சாளர்களே, உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பாரசீகம் (இன்றைய ஈரான்) கொடுத்த 1901 டார்சி எண்ணெய் ஒப்பந்தத்தை அரபு நாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈரான் அரபு நாடு அல்ல. ஒப்பந்தத் தேதியைச் சொன்னால் அதற்கு முந்தைய அரசியல் உடன்பாட்டின் தேதியையும் சொல்லுங்கள். கத்தார் டிஜிட்டல் நூலகத்தில் புஷேர் ரெசிடென்சியின் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன, காசு செலவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் குவைத்தில் தொடங்குங்கள்: முதலில் 1899, பிறகு 1913, கடைசியில் 1934. இந்த வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.