அழற்சி: வீங்காத நெருப்பு

மலேசியாவின் சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டத்து அத்தை ஒருவருக்குக் கோவிட் வந்து போன அடுத்த மாதம் மறுபடியும் காய்ச்சல். பரிசோதித்த டாக்டர் மலாயில் ‘ராடாங்’ என்றார். உடன் போன மகன் அதை ‘வீக்கம்’ என்று மொழிபெயர்த்தான். “எங்கேயடா வீங்கியிருக்கிறது?” என்று அத்தை தம் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோளாறு இருந்ததோ இதயத் தசையில்.

அவன் சொல்லியிருக்க வேண்டிய சொல் அழற்சி. சுழல், சுழற்சி ஆவதுபோல அழல், அழற்சி ஆயிற்று. அழல் என்றால் நெருப்பு. ‘அழல்போலும் மாலை’ என்கிறது 1228ஆம் குறள். அழலுதலுக்குச் சினத்தல் என்ற பொருளும் உண்டு. மலாயிலும் ‘மெராடாங்’ என்றால் சினம் கொள்வது. ‘இன்ஃப்ளமேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரோ தீ மூட்டுவது. மூன்று மொழிக்காரர்களும் கூடிப் பேசி வைத்த பெயரோ என்று தோன்றும்.

முதலாம் நூற்றாண்டு ரோமானியர் செல்சஸ் இதற்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி. வீக்கம் நான்கில் ஒன்றுதான். முள் தைத்த விரலில் நான்கையும் பார்க்கலாம். இதயத்தில் எப்படிப் பார்ப்பது?

கோவிட் தொற்றிய பெரியவர்கள் சிலருக்கு, சில வாரங்கள் கழித்துப் பல உறுப்புகளில் அழற்சி காண்பதை 2020இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அரிது, ஆனால் கடுமையானது. காய்ச்சல், தோல் தடிப்பு, கண் சிவப்பு, வயிற்றுப்போக்கு, இரத்த அழுத்தச் சரிவு, இதயத் தளர்ச்சி என்று அது பல முகம் காட்டும். மூக்கில் கிருமியே அகப்படாமல் போகலாம். கிருமியை எரிக்கக் கிளம்பிய எதிர்ப்பாற்றல்தான் அடங்காமல் சொந்த உறுப்புகளைச் சுடுகிறது. நீறு பூத்த நெருப்பு. ஸ்டீராய்டு கொடுப்பது அதைத் தணிக்கத்தான். ‘பல்லுறுப்பு அழற்சி’ என்பதே இதற்குப் பொருந்தும் பெயர். ‘பல உறுப்பு வீக்கம்’ என்று எழுதினால் அத்தை மறுபடியும் காலைத்தான் பார்ப்பார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ழகரத்தைக் கைவிட்ட நாக்கில் அழற்சியும் அலர்ஜியும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. உறவு ஏதும் கிடையாது. அலர்ஜி என்பது கிரேக்க வேர்களைக் கொண்டு 1906இல் பிர்க்கே என்ற மருத்துவர் ஆக்கிய சொல். அதற்குத் தமிழ் ஒவ்வாமை. இறால் தின்று உடம்பு அரித்தால் ஒவ்வாமை. அதனால் அழற்சியும் வரலாம், அதற்காக இரண்டையும் ஒன்றாக்க முடியாது.

அத்தையிடம் இதையெல்லாம் விளக்கி, “உள்ளே காந்துகிறது, அவ்வளவுதான்” என்று முடித்தேன்.

“காந்தல் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றார்.