பேனாக்கத்தி வெட்டு: "விரல் மடங்குதே டாக்டர்!"

தேங்காய்க் கண்ணைப் பேனாக்கத்தி முனையால் குத்தித் திறக்கப் போன ஒருவர் போன வாரம் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பிறந்தநாளுக்கு நண்பர்கள் வாங்கிக் கொடுத்த, மரப்பிடி போட்ட அழகான மடக்குக்கத்தி. குத்திய வேகத்தில் முனை ஓட்டில் சிக்கிக்கொள்ள, கை முன்னால் போக, கத்தி மடங்கி ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் இறங்கிவிட்டது. பக்கத்து கிளினிக்கில் மூன்று தையல், ஒரு டி.டி. ஊசி. "விரல் மடங்குதுல்ல, அப்புறம் என்ன?" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தையல் பிரித்து ஒரு மாதம் கழித்து, சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்று என்னிடம் வந்தார்.

கையை மட்டுமே அறுவை செய்கிற டாக்டர் நான். இதே கதையை வேறு வேறு விரல்களில் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கத்திக்கு எதிரி இல்லை. என் பையிலும் ஒன்று எப்போதும் இருக்கிறது. ரயிலில் கொய்யாவை நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்பதில் இருக்கிற சுகம், பிளாஸ்டிக் டப்பாவில் வெட்டி விற்கிற பழத்தில் கிடையாது. பார்சல் டேப்பைப் பல்லால் கிழிக்கிறவர்களைப் பார்த்தால், ஒரு கத்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்களேன் என்று நானே சொல்லியிருக்கிறேன். வெற்றிலைப் பையிலோ மடியிலோ சின்னக் கத்தி வைத்திருந்த தாத்தாக்கள் நம் ஊரில் ஏராளம். கயிறு அறுக்க, கரும்பு சீவ, ஓலை கிழிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அவர்கள் கை பெரும்பாலும் பத்திரமாகவே இருந்தது. கத்தி எதற்கு, எதற்கு இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம்.

இப்போது வாங்குகிறவர்களுக்குத் தெரியாதது இதுதான்: பழைய பாணி மடக்குக்கத்தி பெரும்பாலானவற்றில், திறந்த அலகை மடங்காமல் பிடித்துவைக்கிற பூட்டு கிடையாது. முதுகில் இருக்கிற வில் (ஸ்பிரிங்) அழுத்திக்கொண்டிருப்பதால் கத்தி விறைப்பாக நிற்கிறது, அவ்வளவுதான். விளிம்பு கீழே அழுந்துகிற வரை, அதாவது நறுக்குகிற வரை, அது மடங்காது. குத்தினாலோ, நெம்பினாலோ, முதுகுப் பக்கம் அழுத்தம் விழுந்தாலோ மடங்கும். மடங்குகிற வழியில் இருப்பது உங்கள் விரல். எல்லோரும் ஆசைப்படுகிற ஸ்விஸ் கத்தியும் இதில் சேர்த்திதான். அதைச் செய்கிற விக்டோரினாக்ஸ் கம்பெனியின், மூடினால் 91 மில்லிமீட்டர் நீளம் வருகிற மாடல்களில் பெரிய அலகுக்குக்கூடப் பூட்டு இல்லை. 111 மில்லிமீட்டர் மாடல்களில் இருக்கிறது. பிரான்சின் ஓப்பினெல் கத்தி 1890-லிருந்து வருகிறது. அதன் கழுத்தில் திருகிப் பூட்டுகிற வளையத்தை 1955-இல்தான் சேர்த்தார்கள். ஆனால் வளையம் இருந்தால் போதாது, அதைத் திருப்ப வேண்டும். ஓப்பினெல் வைத்துக்கொண்டே விரலை வெட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் வளையத்தைக் காட்டிக் கேட்டேன். "அது டிசைன்னு நினைச்சேன் டாக்டர்" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "விரல் மடங்குதே!"

கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரல்களிலும் மடக்குவதற்கென்று இரண்டிரண்டு தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு இணைக்கிற கயிறுகள், உண்டு. மேலோட்டமாகப் போவது ஒன்று, ஆழமாகப் போவது ஒன்று. மேலோட்டமானது விரலின் நடுக்கணுவை மடக்கும். ஆழமானது நுனி வரை போய், நகத்துக்குக் கீழே இருக்கிற கடைசிக் கணுவை மடக்கும். இதில் ஒன்று முழுசாக அறுந்தாலும் இன்னொன்று வேலை செய்யும். ஆழமானது அறுந்திருந்தால் விரல் நடுவில் மடங்கும், நுனி மட்டும் விறைப்பாக நிற்கும். வலியிலும் கட்டுத்துணியிலும் அந்த நுனியை யாரும் கவனிப்பதில்லை. மேலோட்டமானது மட்டும் அறுந்திருந்தால் இன்னும் மோசம். விரல் முழுக்க மடங்கும், சோதிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. பாதி அறுந்த தசைநாணிலும் விரல் மடங்கத்தான் செய்யும். பத்து நாள் கழித்துத் தண்ணீர் வாளியைத் தூக்கும்போது மீதிப் பாதியும் அறுந்துபோகலாம். ஆக, விரல் மடங்குகிறது என்பதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. நோயாளி இதைச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். தையல் போட்ட டாக்டரும் இதையே சொல்லி அனுப்புகிறார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

"ஆனா வெட்டு ரொம்பச் சின்னது டாக்டர்." அதுவும் ஏமாற்று. கத்தி இறங்கும்போது உங்கள் விரல் மடங்கிப் பிடியைப் பற்றியிருந்தது. மருத்துவமனையில் விரலை நீட்டிக் காட்டுகிறீர்கள். நீட்டியதும் தோல் வெட்டு ஒரு இடத்தில் இருக்கும், உள்ளே தசைநாண் வெட்டு வேறு இடத்துக்குப் போயிருக்கும். காயத்தின் வாயைப் பிரித்து எட்டிப் பார்த்தால் எல்லாம் முழுசாக இருப்பதுபோலவே தெரியும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. ரத்தம் நின்றபின், உள்ளங்கை மேலே பார்க்க, கையைத் தளர்வாக மேசையில் வையுங்கள். ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரை விரல்கள் படிப்படியாகக் கொஞ்சம் கொஞ்சம் அதிகமாக மடங்கிக் கிடக்கும். அதில் ஒரு விரல் மட்டும் வரிசை தப்பி நீட்டிக்கொண்டிருந்தால், அதுதான் தசைநாண் அறுந்த விரல். அடுத்து, வெட்டுப்பட்ட விரலின் நடுக்கணுவை இன்னொரு கையால் நேராகப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் கிளம்புங்கள். பலம் போட்டு இழுத்தெல்லாம் பார்க்க வேண்டாம், பாதி அறுந்ததை நீங்களே முழுசாக அறுத்துவிடுவீர்கள். மூன்றாவது, கண்ணை மூடச் சொல்லிவிட்டு விரல் நுனியின் இரண்டு பக்கத்தையும் பேனா முனையால் மெல்லத் தொடுங்கள். விரலின் இரு ஓரத்திலும் ஒவ்வொரு உணர்வு நரம்பு ஓடுகிறது. ஒரு பக்கம் மரத்திருந்தால் அந்தப் பக்க நரம்பு போயிருக்கிறது. குழந்தைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. நரம்பு அறுந்த பக்கத்தில் வியர்க்காது என்பதால் அங்கே தோல் வறண்டிருக்கும், பேனாவின் வழவழப்பான உடல் சர்ரென்று வழுக்கும். நான் இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன். இவை எல்லாமே சரியாக இருந்தாலும், உள்ளங்கைப் பக்கத்தில் தோலைத் தாண்டி ஆழமாக இறங்கிய வெட்டு என்றால் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? அறுந்த தசைநாண் அங்கேயே காத்திருக்காது. பாவாடை நாடா உள்ளே நழுவிப் போவதுபோல, முன்கைத் தசை இழுக்கிற இழுப்பில் உள்ளங்கை வரை போய்விடும். முதல் சில நாட்களுக்குள் வந்தால் அதைத் தேடி இழுத்து முனையோடு முனை தைத்துவிடலாம். சில வாரம் போய்விட்டால் முனை சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அது ஓடுகிற உறையும் மூடிப்போகும். அப்புறம் பலருக்கு இரண்டு அறுவை. முதலில் ஒரு சிலிக்கோன் குச்சியை வைத்து உறைக்கு இடம் பிடித்து, மூன்று மாதம் கழித்துக் குச்சியை எடுத்துவிட்டு, முன்கையிலிருந்தோ காலிலிருந்தோ எடுத்த தசைநாணை அங்கே வைத்துத் தைக்க வேண்டும். தேங்காய்க் கண் குத்திய அந்தத் தம்பி இப்போது இதற்குத்தான் நாள் குறித்திருக்கிறார்.

உள்ளங்கையின் மேல்ரேகையிலிருந்து விரலின் நடு எலும்பு வரை உள்ள பகுதியில் இரண்டு தசைநாண்களும் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. கை அறுவையின் முன்னோடியான அமெரிக்கர் ஸ்டெர்லிங் பன்னெல் இங்கே உடனடியாகத் தைக்கவே கூடாது என்றார், அத்தனை ஒட்டிக்கொள்ளும். 1960-களில் ஹரோல்ட் கிளைனெர்ட் குழுவினர் உடனே தைத்து, சீக்கிரமே அசைக்கத் தொடங்கினால் விரல் பிழைக்கும் என்று காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. மடக்குக்கத்தி மூடிக்கொண்டால் இறங்குவது பெரும்பாலும் சரியாக இந்த இடத்தில்தான். நம் ஊரில் இதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய காலத்திலிருந்தே தமிழ்நாட்டுக்கு இதில் பெயர் உண்டு. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவைக் கேளுங்கள்.

வெட்டுப்பட்ட உடனே செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம். குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், வீங்கியபின் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். காப்பித்தூள் போடாதீர்கள். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, டீத்தூள், சிகரெட் சாம்பல், எதுவும் வேண்டாம். ஒவ்வொன்றையும் சொட்டுச் சொட்டாக உப்புநீர் விட்டுக் கழுவி எடுக்கிறவன் நான். விரலின் அடியில் ரப்பர் பேண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நீல விரலோடு வருவதும் வேண்டாம். வருகிற வழியில் தெம்புக்கு என்று டீயும் பன்னும் வாங்கிக் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து டாக்டர் என்னைத்தான் திட்டுவார்.

இடையில் ஒன்று. "கத்தி துருப்பிடிக்கவே இல்லை, டி.டி. ஊசி எதுக்கு?" என்று கேட்கிறார்கள். டெட்டனஸ் துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கிற கிருமியால் வருகிறது. காலையில் மாட்டுக் கயிறு அறுத்த பளபளப்பான கத்தியிலும் அது இருக்கும். அதே கத்தியால் மாங்காய் நறுக்குகிறவர்களை என்ன சொல்ல?

கத்தியைப் பிடிப்பது பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்கிற சிலது. முனையால் குத்தாதீர்கள். தேங்காய்க் கண்ணுக்கு ஆணியும் சுத்தியலும் இருக்கிறது. ஸ்க்ரூ கழற்றாதீர்கள், பெயின்ட் டப்பா மூடியை நெம்பாதீர்கள். மூடும்போது பிடியைப் பக்கவாட்டில் பிடித்து, அலகு விழுகிற பள்ளத்தில் ஒரு விரலும் இல்லை என்று பார்த்துவிட்டு, இன்னொரு கையின் உள்ளங்கையால் முதுகைத் தள்ளி மூடுங்கள். தொடையில் தட்டி மூடுகிற ஸ்டைலைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கீழே விழுகிற கத்தியைப் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். யாருக்காவது கொடுக்கும்போது மூடிக் கொடுங்கள். உள்ளங்கையில் வைத்து மாம்பழத்தைக் கீறாதீர்கள். கொட்டையில் வழுக்கிய கத்தி கட்டைவிரல் அடியில் இறங்கிய கேஸ்கள் மே, ஜூனில் தவறாமல் வரும். ஒரு தட்டு, அதுவும் இல்லையென்றால் மடித்த செய்தித்தாள் போதும்.

குழந்தைக்குக் கத்தி கொடுக்கலாமா என்று சில அப்பாக்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். பூட்டு உள்ளதாக வாங்கிக் கொடுங்கள். உட்கார்ந்த இடத்தில் மட்டும், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் யாரும் இல்லாதபோது மட்டும், உங்கள் கண் எதிரில். ஒளித்து வைத்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் எடுப்பான், எனக்கு அதுதான் கவலை.

அப்புறம் சாணை. மழுங்கிய கத்தி பாதுகாப்பு என்று நம்புகிறவர்கள் அழுத்தி அழுத்தித்தான் வெட்டுவார்கள், வழுக்கினால் அத்தனை பலமும் விரலுக்குப் போகும். தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் கொடுங்கள், அல்லது ஒரு கல் வாங்கி அலகை 20 டிகிரி அளவுக்குச் சாய்த்து மெல்லத் தேய்த்துப் பழகுங்கள். கார்பன் எஃகு அலகு என்றால் மாங்காய்ப் புளிப்பு பட்டதும் கறுக்கும், பயப்பட ஒன்றுமில்லை. துடைத்து, காயவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். மூட்டுப் பள்ளத்தில் சேர்கிற தூசியையும் சட்டைப்பை நூலையும் குச்சியால் எடுத்துவிடுங்கள். கத்தி ஆடினாலோ வில் தளர்ந்தாலோ அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

சட்டம் என் துறை இல்லை, ஆனால் கேட்கிறார்கள். இந்திய ஆயுத விதிகள் ஆயுதமாகப் பட்டியலிடுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை; வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் பேனாக்கத்தி அந்த அளவுக்கு எங்கேயும் கிட்டே வராது. இங்கிலாந்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அங்கே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்பது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக்கத்திக்கு மட்டும். நான் பூட்டு வேண்டும் என்கிறேன், அந்த ஊர்ச் சட்டம் பூட்டு கூடாது என்கிறது! அங்கே இருப்பவர்கள் சட்டப்படி நடந்துகொண்டு, குத்தாமல் நறுக்க மட்டும் செய்யுங்கள்.

விமானத்தில் ஏறும்போது கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். சாவிக்கொத்தில் தொங்குகிற சின்னக் கத்தியும் இதில் சேர்த்திதான். மறந்துபோய் சோதனையில் மாட்டிக்கொண்டால் அங்கே நின்று வாதாடாமல், வழியனுப்ப வந்தவர் இன்னும் வாசலில் இருக்கிறாரா என்று போன் போட்டுப் பாருங்கள்.