ரெப்போவைக் கிடங்குன்னு சொல்லாதீங்கய்யா

ரெப்போன்னா ரெப்பாசிட்டரி, ஒரு நிரலோட ஃபைல்களையும் அதுல நடந்த ஒவ்வொரு மாத்தத்தையும் சேர்த்து வைக்கிற இடம், அதைப் பார்த்துக்கற மென்பொருள் கிட். போன வாரம் எங்க சின்னக் குழுவோட சர்வர்ல, கிட் ரெப்போக்களை பிரவுசர்ல காட்டுற சி-கிட் போட்டேன். நாலஞ்சு பேர் சேர்ந்து எழுதுற நிரல், அதை எல்லாரும் பிரவுசர்லயே பார்க்கணும், சும்மா ஒரு வரி என்ன மாறுச்சுன்னு பார்க்கறதுக்கு ஒவ்வொருத்தரும் குளோன் (முழு நகல்) பண்ணிக்கிட்டு இருக்க வேணாம், அவ்வளவுதான் நோக்கம். ரெப்போக்கள் இருக்குற ஃபோல்டரை கான்ஃபிக் ஃபைல்ல குடுத்தா தானா எடுத்துக்கும் (அந்த ஸ்கேன்-பாத் வரியை ஃபைல்ல கடைசியா போடணும், மேல போட்டுட்டு கீழ இருக்குற செட்டிங் ஏன் வேலை செய்யலன்னு நான் ஒரு மணி நேரம் முழிச்சேன்). பக்கம் வந்துச்சு. ஆனா எல்லா ரெப்போ பேருக்குப் பக்கத்துலயும் ஒரே வாசகம், 'அன்நேம்டு ரெப்பாசிட்டரி, இந்த டிஸ்கிரிப்ஷன் ஃபைலை எடிட் பண்ணிப் பேர் வை'. புது ரெப்போ தொடங்குனதும் கிட் தானா எழுதி வைக்கிறது அது, யாரும் மாத்தறதில்ல, உலகத்துல எத்தனையோ சர்வர்ல இன்னிக்கும் அப்படியேதான் நிக்குது.

சரி இதையாவது தமிழ்ல மாத்துவோம்னு குழுவுல இருக்குற தம்பிகிட்ட விட்டேன். சாயங்காலம் பார்க்கறேன், வரிசையா 'பெயரிடப்படாத மூலக் கிடங்கு'.

மூலக் கிடங்கு! பஸ் ஸ்டாண்டு சுவர்ல மூலம், பௌத்திரம்னு எழுதியிருக்குமே, அது தவிர எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. மூலத்தை விடுங்க, அது தனிச் சண்டை. இந்தக் கிடங்கு இருக்கே, இதை எத்தனை பேர் எழுதிட்டாங்க, எத்தனை தடவை பார்த்துட்டேன், இந்தத் தடவை முடியல.

ரெப்பாசிட்டரி லத்தீன்லேர்ந்து வந்தது. ரீ-ன்னா திரும்ப, போனேரே-ன்னா வை. எடுத்ததைத் திரும்பக் கொண்டுவந்து பத்திரமா வைக்கிற இடம். ரோமர் வீட்டு விருந்துல பதார்த்தம் அடுக்கிக் கொண்டுவர்ற பெரிய தட்டுக்கும் இதே பேர்தான்னு சொல்வாங்க. அவ்வளவுதான் சொல்லோட கதை.

இப்ப கிடங்குக்கு வருவோம். கிட-ங்கிற வினையிலேர்ந்து வந்த சொல், பழைய தமிழ்ல கோட்டையைச் சுத்தி இருக்குற அகழிக்குப் பேரு. திண்டிவனத்துல கிடங்கில்னு ஒரு இடமே இருக்கு. பின்னாடி சரக்குப் போட்டு வைக்கிற இடம்னு ஆச்சு. நாம கோடவுன் கோடவுன்னு சொல்றோமே, அது மலாய்ல குடாங்குன்னு இருந்து இங்கிலீஷ்காரன் வாயில போனது, அதுக்கும் வேர் நம்ம கிடங்கும் தெலுங்குக் கிட்டங்கியும்தான்னு சொல்றவங்க உண்டு. பெருமையான சொல்தான், நான் இல்லன்னு சொல்லல. நெல்லு மூட்டைக்கு, உர மூட்டைக்கு, சிமெண்டுக்கு வெச்சுக்கோங்க.

ஆனா கிடங்குல என்ன நடக்குது? சரக்கு வருது, கிடக்குது, போகுது. எடுத்தா குறையும். பழசாப் போனா வெளிய தள்ளிட்டுப் புதுசு அடுக்குவாங்க. ரெப்போவுல இது ஒண்ணு கூடக் கிடையாது. நூறு பேர் குளோன் எடுத்தாலும் அங்க ஒரு எழுத்து குறையாது, எடுத்துட்டுப் போன நூறு பேர்கிட்டயும் முழு வரலாறோட ஒரு ரெப்போ இருக்கும். பழசை வெளிய தள்ளறதும் இல்ல, பழசுதான் அங்க சொத்தே. மூணு வருஷம் முன்னாடி நீ அழிச்ச ஃபங்ஷனும் இருக்கு, அதை ஏன் அழிச்சேன்னு நீ எழுதுன சால்ஜாப்பும் இருக்கு.

சர்வர்ல இருக்குற வெறும் ரெப்போவை (வேலை பார்க்கற ஃபைல் நகல் இல்லாம வரலாறு மட்டும் இருக்குறது) திறந்து பாருங்க, உங்க ஃபைல் ஒண்ணையும் கண்ணால பார்க்க முடியாது. ஆப்ஜெக்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ரெண்டெழுத்துப் பேர்ல குட்டிக் குட்டி ஃபோல்டர், அதுக்குள்ள 38 எழுத்துல பேர் வெச்ச ஃபைல், உள்ள சுருக்கி வெச்ச பைட்டு. இதைப் பார்த்தா எந்தக் கிடங்கு மேனேஜரும் ராஜினாமா பண்ணிட்டுப் போயிடுவார். இதைப் படிக்கிற மாதிரி விரிச்சுக் காட்டத்தான் இந்த வெப் முகப்பே தேவைப்பட்டுச்சு. கிட்டுக்கு முன்னாடி இதே வேலையைப் பார்த்த சி.வி.எஸ். காலத்துல, ஃப்ரீபிஎஸ்டி-ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்து ஆளு பில் ஃபென்னர் பெர்ல் மொழியில சிவிஎஸ்வெப்னு ஒரு முகப்பு எழுதுனார், அப்புறம் அதே மாதிரி வியூவிசி, கிட் பொறந்த அதே 2005லயே கே சீவர்ஸ் கிட்வெப் எழுதிட்டார், இப்ப லினக்ஸ் கெர்னலோட கிட் தளம் ஓடுறது நான் போட்ட இதே சி-கிட்லதான். எல்லாமே ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கற சமாச்சாரம், பார்க்கலாம், கை வைக்க முடியாது.

இன்னொண்ணு, கிடங்குன்னு நியூஸ்ல எப்ப வருதுன்னு கவனிச்சிருக்கீங்களா? பெருங்குடி குப்பைக் கிடங்கு, கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. சென்னையில ஒரு ஆளை எழுப்பிக் கிடங்குன்னு சொல்லுங்க, அவன் மூக்கைத்தான் பொத்துவான். நம்ம ராத்திரி பகலா எழுதுன நிரலுக்கு இந்தப் பேரா?

களஞ்சியம்னு ஒரு சொல் கையில இருக்கு. தம்பி விடல, "அண்ணே, களஞ்சியமும் நெல்லு கொட்டுற இடம்தானே, எடுத்தா அதுவும் காலியாகும், உங்க லாஜிக் அதுக்கும் இடிக்குதே"ன்னான். வாஸ்தவம். பாபநாசம் பக்கம் திருப்பாலைத்துறை கோயில்ல நாயக்கர் காலத்துக் களஞ்சியம் ஒண்ணு நிக்குது, 3000 கலம் நெல்லு பிடிக்கும்பாங்க, அதுவும் கொட்டி எடுக்கறதுக்குக் கட்டுனதுதான். ஆனா அந்தச் சொல் அங்கயே நிக்கலயே. 1954ல முதல் தொகுதி வந்து மொத்தம் 10 தொகுதியா தமிழ்ல கலைக்களஞ்சியம் போட்டாங்க பாருங்க, அன்னிக்கே அது நெல்லை விட்டு அறிவுக்கு ஏறிடுச்சு. இப்ப களஞ்சியம்னா எடுக்க எடுக்கக் குறையாத, தேடிப் பார்க்கற மாதிரி ஒழுங்கா வெச்ச இடம்னுதான் படிக்கிறவனுக்குத் தோணும். கிடங்குக்கு அந்த யோகம் இல்ல, அது குப்பைக்குப் போயிடுச்சு. சொல்லோட வேரை மட்டும் பார்த்துட்டு இருந்தா எப்படி, இப்ப அது எங்க குடியிருக்குன்னும் பார்க்கணும்ல.

வைப்பகம்னு ஒரு கட்சி இருக்கு. வேர்ப்படி பார்த்தா அதுதான் அச்சு அசல், ஒத்துக்கறேன், ஆனா தனித்தமிழ்காரங்க அதை பேங்குக்குக் குடுத்துட்டாங்க. கருவூலம்னா எங்கப்பா பென்ஷன் வாங்குற ஆபீஸ். அதனால எழுத்துல நிரல் களஞ்சியம், பேச்சுல ரெப்போ. பேச்சுல ரெப்போன்னு சொன்னா தமிழ் ஒண்ணும் செத்துடாது. தயவுசெஞ்சு கலஞ்சியம்னு மட்டும் எழுதாதீங்க.

உண்மையில எனக்குக் கோவம் சொல் மேல கூட இல்ல. மொழிபெயர்க்கறவங்க அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கறதில்ல. சொல் பட்டியலை மட்டும் வாங்கிட்டு மெஷின்ல போட்டு எடுத்துடறாங்க. ஒருத்தர் அனுப்புன ஃபைல்ல ட்ரீ மரம், பிராஞ்ச் கிளை, அது வரைக்கும் சரி, லாக் மரக்கட்டை! மரம், கிளை, மரக்கட்டை, கடைசியில கிடங்கு, நான் நிரல் காட்டுற பக்கம் போட்டேனா மரவாடி திறந்தேனான்னே தெரியல. ஒரே ஒரு தடவை லாக்கை அமுக்கிப் பார்த்திருந்தா அங்க தேதியும் பேரும் வரிசையா வர்றது தெரியும், வரலாறுன்னோ பதிவுன்னோ தானா வாயில வந்திருக்கும்.

அந்த டிஸ்கிரிப்ஷன் எல்லாத்தையும் தம்பி தனி ரெப்போவுல வெச்சிருக்கான், அங்கேர்ந்துதான் சர்வருக்குப் போகுது. நான் கிடங்கைக் களஞ்சியம்னு மாத்திக் கமிட் போட்டேன் (மாத்தத்தைக் குறிப்போட பதிஞ்சேன்), அவன் திருப்பி மாத்தினான், நான் மறுபடி மாத்தினேன். எல்லாம் சி-கிட் லாக்ல பேர், தேதி, நேரத்தோட வரிசையா நிக்குது. நேத்து ராத்திரி இன்னொரு கமிட் வந்திருக்கு, மறுபடி கிடங்கு. மெசேஜ்ல எழுதியிருக்கான்: "அண்ணே, உங்க பழைய நிரலைப் படிச்சுப் பார்த்தேன், குப்பைக் கிடங்குன்னே வெச்சுக்கலாம்."