சொல் விளக்கம்: ஃபிளைட் டெஸ்ட்

கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் வான்படைத் தளத்து அருங்காட்சியகத்தின் பெயரிலேயே 'ஃபிளைட் டெஸ்ட்' இருக்கிறது. இதை 'விமானச் சோதனை' என்று எழுதினால், வெடிகுண்டு மிரட்டலுக்குப் பின் விமானத்தைத் துழாவிப் பார்த்ததாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

விமானம் எப்படிப் பறக்கும் என்று காகிதத்தில் போட்ட கணக்கு காற்றிலும் சரிவருகிறதா என்று பறந்து பார்க்கும் பொறியியல் வேலை இது. வேகத்தையும் உயரத்தையும் படிப்படியாகத்தான் கூட்டுவார்கள். 1947-இல் எக்ஸ்-1 விமானம் ஒலியின் வேகத்தில் 94 விழுக்காட்டை நெருங்கியபோது, மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல் பயனற்றுப் போனது. மடலை நம்பாமல் அது பொருத்தப்பட்டிருக்கும் கிடைவால் (வாலின் கிடைமட்ட இறக்கை) முழுவதையும் அசைக்கலாம் என்று பொறியாளரும் விமானியுமான ஜாக் ரிட்லி வழி சொன்னார். அக்டோபர் 14 அன்று விமானி சக் யேகர் ஒலியை முந்தியது அந்த வழியில்தான். சாதனை நாளைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறோம். ஆனால் மடல் கைவிட்ட அந்த நாள்தான் இந்தச் சொல்லுக்குச் சரியான எடுத்துக்காட்டு என்பேன். இந்த வேலைக்கு உயிரையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்: 1948-இல் ஒய்பி-49 குண்டுவீச்சு விமான விபத்தில் இறந்த கேப்டன் கிளென் எட்வர்ட்ஸின் பெயரைத்தான் தளம் தாங்கி நிற்கிறது.

'டெஸ்ட்' என்பதன் வேர் லத்தீன் 'டெஸ்டும்', அதாவது மண்சட்டி. பொன், வெள்ளியை உருக்கித் தரம் பார்க்கும் சிறு கலத்துக்கு அந்தப் பெயர் வந்து, பிறகு தரம் பார்த்தலையே குறித்தது. நம் 'சோதனை' வடமொழி 'சோதன'விலிருந்து வந்தது. தூய்மையாக்கல், உலோகத்தின் மாசு நீக்கல் என்பவை அதன் பொருள்கள். இரண்டுமே உலைக்களம் கண்ட சொற்கள். எனவே 'சோதனை' இருக்கட்டும்; மாற்ற வேண்டியது முன்னால் நிற்கும் 'விமான'த்தைத்தான்.

'பறப்புச் சோதனை' என்பதே பொருத்தம். வல்லின 'ற' முக்கியம். 'பரப்பு' என்றால் நிலத்தின் அளவாகிவிடும். ஓட்டுபவர் 'சோதனை விமானி'. இந்தச் சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

'வெள்ளோட்டம்' ஆகாதா? கப்பலுக்கும் கோயில் தேருக்கும் வழங்கிவரும் அருமையான சொல், ஆனால் முதல் ஓட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். அந்த அருங்காட்சியகத்தின் பாம்டேல் கிளையில், முதன்முதலில் பறந்த ஏ-12 உளவு விமானம் நிற்கிறது. அது 1962 ஏப்ரலில் பறந்தது வெள்ளோட்டம்; அடுத்து வந்த ஆண்டுகளில் அது செய்தது பறப்புச் சோதனை.