மேய்ச்சல் நிலத்தில் மான்: சட்டம் எதை விடுகிறது, எதைக் குற்றம் என்கிறது

புல் முளைத்த இடத்துக்கு ஆடும் வரும், மானும் வரும். மலையடிவாரத்துக் கிராமங்களில் காலையில் பட்டியைத் திறந்துவிட்டால், வெள்ளாடு ஏறுகிற அதே சரிவில் புள்ளிமான் கூட்டமும் நின்றுகொண்டிருக்கும். அந்தச் சரிவில் மேய்க்கிறவருக்கு ஒரு சட்டம் உரிமை தருகிறது. இன்னொரு சட்டம், கொஞ்சம் அசந்தால் அவரைச் சிறைக்கு அனுப்புகிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தர ஆள் இல்லாததால் எத்தனையோ பேர் தெரியாமலே மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் மான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. கடைசியாக 2022-ல் பெரிய திருத்தம் செய்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பாதுகாக்க வேண்டிய விலங்குகளை அந்தச் சட்டம் அட்டவணை போட்டுப் பிரித்திருக்கிறது. வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது, புள்ளிமான் இரண்டாம் அட்டவணையில். இரண்டையும் வேட்டையாடக் கூடாது என்கிறது 9-ஆம் பிரிவு. நிலம் காப்புக்காடா, மேய்ச்சல் புறம்போக்கா, உங்கள் சொந்தப் பட்டாவா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. 'என் நிலத்துக்குள் வந்ததைத்தானே பிடித்தேன்' என்ற பேச்சு எடுபடாது.

வேட்டை என்றதும் துப்பாக்கிதான் ஞாபகத்துக்கு வரும். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் ரொம்ப விரிவானது. கொல்வது, விஷம் வைப்பது, பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, இரை காட்டி வரவழைப்பது, காயப்படுத்துவது எல்லாமே வேட்டை. இவற்றுக்கு முயற்சி செய்வதும் வேட்டைதான். மேய்ச்சல்காரர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த 'பிடிப்பது', 'துரத்துவது' என்ற இரண்டு சொற்களில்தான்.

ஒருமுறை ஓர் ஆட்டுப்பட்டியில் பார்த்தேன். வெள்ளாட்டுக் குட்டிகளுக்கு நடுவே, கால்களை மடக்கிக்கொண்டு ஒரு மான்குட்டி. புல்லுக்குள் தனியாகக் கிடந்ததாம், தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று தூக்கி வந்து ஆட்டுப்பால் கொடுத்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. காதைத் தடவித் தடவி ஊட்டினார். அந்த மனசில் ஒரு துளி கெடுதல் கிடையாது. ஆனால் தாய் மான் குட்டியை விட்டுவிட்டுப் போகவில்லை. பிறந்த புதிதில் குட்டியைப் புல்லுக்குள் ஒளித்துவிட்டு மேயப் போவது அதன் வழக்கம். பால் கொடுக்கத் திரும்பி வரும். குட்டி அசையாமல் கிடப்பது பயத்தாலோ பசியாலோ அல்ல, அதற்கு அதுதான் பாதுகாப்பு. அதைத் தூக்கி வந்தால் தாய்க்கும் குட்டிக்கும் பிரிவு, தூக்கியவருக்கு வழக்கு. பார்த்தால் தொடாமல் ஆட்டை வேறு பக்கம் ஓட்டுங்கள். உண்மையிலேயே அடிபட்டோ, தாய் செத்தோ கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அடுத்தது நாய். கிடைக்குக் காவல் நாய் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் நாயை மானின் மேல் ஏவிவிட்டால் அது வேட்டைதான், மான் தப்பி ஓடியிருந்தாலும் சரி. மான் கண்ணில் பட்டதும் நாயைக் கூப்பிட்டுக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து நாய்களை அவிழ்த்துவிட்டுக் காட்டுக்குள் போகிறவரைப் பார்த்தால் வனக்காவலருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

மூன்றாவது, வேலியில் கட்டும் சுருக்குக் கம்பி. பன்றிக்குத்தான் வைத்தேன் என்பார்கள். கம்பிக்குப் பன்றி எது, மான் எது என்று தெரியாது. மேயப்போன ஆட்டின் காலையும் அதே கம்பிதான் அறுக்கும். காட்டுப்பன்றியும் இரண்டாம் அட்டவணையில் உள்ள விலங்கு, அதற்குச் சுருக்கு வைத்தாலும் குற்றமே. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம் என்று தமிழக அரசு 2025-ல் அறிவித்தபோதும், சுடும் பொறுப்பு வனத்துறையிடம்தான் இருந்தது. மானுக்கு அந்த ஏற்பாடும் கிடையாது.

தண்டனை எவ்வளவு? வெளிமான் போன்ற முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். புள்ளிமான் என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் வேட்டை நடந்த இடம் சரணாலயமோ தேசியப் பூங்காவோ என்றால் எந்த மானாக இருந்தாலும் அந்தக் குறைந்தபட்ச 3 ஆண்டு வந்துவிடும். கறி கையில் இருந்தால் இன்னும் சிக்கல். அது சட்டவிரோதமாக வந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், அப்படி இல்லை என்று நிரூபிக்கிற பாரம் வைத்திருந்தவர் தலையில். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணத்தில் வந்த குழம்புக்கும் இது பொருந்தும்.

செத்துக் கிடக்கும் மானைப் பார்த்தால்? செந்நாய் கடித்துப் போட்டதாக இருக்கட்டும், வண்டியில் அடிபட்டதாக இருக்கட்டும், அது அரசின் சொத்து. கொம்பு உட்பட எதையும் எடுக்காதீர்கள். எப்படியாவது உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வன அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு.

பயிரை மான் அழித்தால் ஒன்றுமே செய்ய முடியாதா என்று கேட்கலாம். இரண்டாம் அட்டவணை விலங்கு உயிருக்கோ, நிற்கும் பயிருக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ கருதினால், காரணம் எழுதி உத்தரவு போடலாம். அது 11-ஆம் பிரிவு. அந்த உத்தரவு இல்லாமல் நாமே இறங்கக் கூடாது. விலங்கு பாயும்போது உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு அடித்தால் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் வேறு வனக் குற்றம் செய்துகொண்டிருந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இனி மேய்ச்சல். தேசியப் பூங்காவுக்குள் கால்நடையை மேய்க்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது. சரணாலயத்தில் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தவும் தடுக்கவும் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் உண்டு. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைப் பகுதி தொடர்பான வழக்கில் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மேய்ச்சலுக்குத் தடை சொன்னது. அதே மாதம் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. 2024-ல் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டக் காடுகளைச் சேர்த்துத் தந்தை பெரியார் வனஉயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பர்கூர் மலையின் நாட்டினமான செம்மறை மாட்டை மலையில் பட்டி போட்டு வளர்த்தவர்களுக்கு இந்த மூன்று வரிச் செய்தி வாழ்க்கையே மாறிப்போகிற விஷயம்.

அவர்கள் கையில் இருக்க வேண்டியது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன் 3(1)(டி) பிரிவு மேய்ச்சலை, ஓரிடத்தில் தங்கி மேய்ப்பதையும் பருவத்துக்கு இடம் மாறி மேய்ப்பதையும், சமூக உரிமையாகவே ஏற்கிறது. சரணாலயக் காட்டுக்கும் இந்தச் சட்டம் உண்டு. அதே 3-ஆம் பிரிவில் சற்றுத் தள்ளி, மற்ற பாரம்பரிய உரிமைகளையும் சேர்த்துக்கொள்ளும் இடத்தில், வேட்டையாடுவதும் கண்ணி வைப்பதும் அதில் சேராது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். 'தாத்தா காலத்துப் பழக்கம்' என்ற வாதம் மேய்ச்சலுக்கு நிற்கும், மானுக்கு நிற்காது.

இந்த உரிமையைக் கேட்க, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்தக் காட்டை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். சமூக உரிமைக்கு 'பி' படிவம். அதைக் கிராம சபை அமைக்கும் வன உரிமைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். சபை தீர்மானம் போட்டபின் கோட்ட அளவிலான குழு, பிறகு மாவட்டக் குழு. ஆதாரம் ஒன்று போதாது, இரண்டாவது வேண்டும். தாள்தான் ஆதாரம் என்று நினைத்துப் பின்வாங்காதீர்கள். பழைய மேய்ச்சல் தரை, கிணறு, இடுகாடு, ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதிய வாக்குமூலம் எல்லாம் செல்லும். கல் அடுக்கிய பழைய பட்டிச் சுவர் நிற்கிறதா? போட்டோ எடுத்துச் சேருங்கள். பரிசீலனை முடியும்வரை உரிமை கோரியவரை வெளியேற்றக் கூடாது என்பதும் அதே சட்டம்தான்.

அப்புறம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் யாரும் பேசாத ஒரு பிரிவு: 33-ஏ. சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட வனத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். ஊசி போடாத கால்நடையைச் சரணாலயத்தில் மேய்க்கக் கூடாது. கோமாரி, அதாவது கால்-வாய் நோய், மாட்டிடமிருந்து மானுக்கும் தொற்றும். மாட்டுக்காவது கால்நடை மருத்துவர் உண்டு. வாயில் புண்ணோடு புல் கடிக்க முடியாமல் நிற்கும் மானுக்கு யாரும் இல்லை. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் கோமாரி ஊசி இலவசம். முகாமுக்கு மாட்டை ஓட்டிப் போய்க் காதுவில்லையும் போட்டுக்கொள்ளுங்கள். காட்டோரம் யாராவது நிறுத்திக் கேட்டால், ஊசி போட்ட மாடு என்று காட்ட அந்த வில்லையின் 12 இலக்க எண் இருக்கும்.