குழந்தையின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா?

இதயத்தில் ஓட்டை என்று நீலகிரி மலையிலிருந்து கோவைக்கு அனுப்பப்படும் மூன்று வயதுக் குழந்தை. அப்பாவின் பையில் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை பத்திரமாக இருக்கும். ரேஷன் கார்டில் குழந்தையின் பெயர் இருக்காது. பந்தலூர், மஞ்சூர், கோத்தகிரி என்று எங்கிருந்து வந்தாலும் இதே கதைதான். "அட்டைதான் இருக்கே சார்" என்பார்கள்.

இருக்கிறது. ஆனால் உங்கள் குடும்பத்தில் யார் யார் என்பதை ரேஷன் கார்டை வைத்துத்தான் பார்க்கிறார்கள். பிறப்புச் சான்று வாங்கிவிட்டோம், ஆதார் எடுத்துவிட்டோம், அங்கன்வாடியில் பெயர் இருக்கிறது என்கிறீர்களே, இவற்றில் எதுவும் ரேஷன் கார்டில் தானாகப் போய் ஏறாது. தடுப்பூசி அட்டையும் ஏற்றாது. நீங்கள் விண்ணப்பித்தால்தான் ஏறும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் பிரீமியம் முழுவதையும் அரசே கட்டுகிறது. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அது தலைக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து. சளி, காய்ச்சலுக்கு இந்த அட்டை எதற்கு? அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும் எஸ்டேட் டிஸ்பென்சரியும் போதும்.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன்: "இப்போ கடன் வாங்கிக் கட்டிடலாம், அப்புறம் கிளைம் பண்ணிக்கலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்தத் திட்டத்தில் உங்கள் கைக்குப் பணம் வராது. மருத்துவமனை முன்அனுமதி கேட்கும், வந்ததும் சிகிச்சை செய்யும், பணம் நேராக அதற்குப் போகும். நகையை அடகு வைத்துக் கட்டியது கட்டியதுதான். அதனால் மருத்துவமனையில் சேர்த்ததுமே காப்பீட்டுப் பிரிவுக்குப் போய் அட்டையைக் காட்டுங்கள், டிஸ்சார்ஜ் அன்றைக்கு அல்ல.

பெயர் சேர்க்க இ-சேவை மையத்தில் பிறப்புச் சான்றோடு விண்ணப்பியுங்கள். வட்ட வழங்கல் அலுவலகம் சரிபார்க்கும். சிக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, ரேஷன் கார்டில் பதிந்த செல் நம்பர்: ஓ.டி.பி. அதற்குத்தான் வரும், சிம் எப்போதோ செத்திருக்கும். முதலில் நம்பரை மாற்றுங்கள். மற்றது, பெயர். பிறப்புச் சான்றில் "கார்த்திகேயன்", ஆதாரில் "கார்த்திக்" என்றால் பின்னால் சிகிச்சை அனுமதியில் இழுபறிதான். எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரே இனிஷியல், ஒரே பிறந்த தேதி.

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது. பெயரில்லாமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் பெயரைச் சேருங்கள், அதற்கும் கட்டணமில்லை. பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் வீட்டிலேயே பிறக்கும் குழந்தைகளுக்குப் பதிவே விட்டுப்போகிறது. கிராம செவிலியரும் அங்கன்வாடி ஊழியரும் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும், தயவுசெய்து.

காது கேளாத பிள்ளைக்குக் காக்ளியர் கருவி பொருத்த இந்தத் திட்டத்தில் 6 வயதுதான் வரம்பு. ஒரு நாள் தேயிலை பறிக்கும் கூலி போகிறதே என்று தள்ளிப்போட்டால் அந்த வயது தாண்டிவிடும்.

பந்தலூர், கூடலூர்க்காரர்கள் அவசரத்துக்குக் கேரளப் பக்கம் இறங்குவது புரிகிறது. ஆனால் எல்லா மருத்துவமனையும் திட்டத்தில் இல்லை. கிளம்பும்முன் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். திட்டத்தில் உள்ள மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டாலும் புகார் அதே எண்ணுக்குத்தான்.